பழங்கால எகிப்தை ஆண்ட அரசி ஹட்செப்சுட்டின் சிலைகளை, அவருக்குப் பின் ஆண்ட மூன்றாம் துத்மோஸ் பழிவாங்கத்தான் உடைத்தாரா? சுக்குநூறானவை நியூயார்க்கில் முழுசாக நிற்பது எப்படி?

முதல் பாதிக்குச் சட்டென்று பதில் சொல்வதானால்: உடைக்க வைத்தது துத்மோஸ்தான், அதில் பெரிய தகராறு இல்லை. பழிவாங்கத்தான் உடைத்தார் என்பதில்தான் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. இரண்டாம் பாதிக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

நான் தொல்லியல் படித்தவன் இல்லை. நியூஜெர்சியில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில்தான் விழும். (இங்கே எல்லாரும் அதை ‘மெட்’ என்றுதான் சொல்வார்கள்.) வந்தவர்கள் மம்மியைத் தேடி ஓடுவார்கள், நான் 115-ஆம் எண் அறையிலேயே நின்றுவிடுவேன். அந்த அறையில் சுற்றிச் சுற்றி ஒரே ஆளின் முகம்தான். அப்படிப் பார்த்ததும், பார்த்த பிறகு வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தப் பதில்.

ஆள் யார் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹட்செப்சுட், முதலாம் துத்மோஸின் மகள். வேறு தாய்க்குப் பிறந்த தம்பியான இரண்டாம் துத்மோஸுக்கு மனைவி ஆனார். எகிப்து அரச குடும்பத்தில் அது வழக்கம். கணவர் இறந்தபோது இன்னொரு மனைவிக்குப் பிறந்த மூன்றாம் துத்மோஸ் சின்னப் பிள்ளை. ஆக, அந்தப் பிள்ளைக்கு ஹட்செப்சுட் அத்தையும் ஆனார், மாற்றாந்தாயும் ஆனார். பிள்ளைக்காக ஆட்சியைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்தவர் சில ஆண்டுகளில் தானே ஃபாரோவாக, அதாவது எகிப்தின் அரசராக, முடிசூடிக்கொண்டார். கவனிக்க வேண்டியது, பிள்ளையை அவர் விரட்டவில்லை. ஆட்சியாண்டுக் கணக்கு கூட கடைசி வரை அந்தப் பிள்ளை பட்டத்துக்கு வந்த நாளிலிருந்துதான் ஓடியது. கி.மு. 1479 முதல் 1458 வரை என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அவர் மறைந்த பிறகு துத்மோஸ் இன்னும் முப்பது ஆண்டுக்கு மேல் தனியாக ஆண்டார்.

இனி சிலைகள். லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், செங்குத்தான சுண்ணாம்பு மலைச்சுவரின் அடிவாரத்தில் அவர் தனக்கென ஒரு கோயில் எழுப்பினார். இன்று தெயிர் எல்-பஹாரி என்று அழைக்கப்படும் இடம். மூன்று அடுக்கு மேடைகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏறிப்போகும் சாய்தளங்கள். ஆண்டுக்கொரு முறை பள்ளத்தாக்குத் திருவிழா என்று ஒன்று நடக்கும். அன்று அமுன் கடவுள் கர்னாக் கோயிலிலிருந்து புறப்பட்டு, படகில் நதியைத் தாண்டி, இந்தக் கோயிலுக்கு எழுந்தருளுவார். அவர் வரும் வழியைப் பார்த்தபடி சிலைகள். கீழே மனிதத் தலையும் சிங்க உடலுமாக ஸ்ஃபிங்ஸ்கள். நடுவில் இரு கைகளிலும் உருண்டைக் கிண்ணம் ஏந்தி மண்டியிட்ட உருவங்கள். உச்சி மேடையின் தூண்களில், கை மார்பில் மடக்கி, மம்மி போலச் சுற்றிக்கொண்டு ஒசைரிஸ் கடவுளின் வடிவில் நிற்கும் அரசி. எல்லாம் அவரே.

மண்டியிட்ட சிலைகளில் பெரியது ஒன்று மெட்டில் இருக்கிறது. அஸ்வான் கருங்கல்வகை, பீடத்தோடு சேர்த்து 2.6 மீட்டர். மண்டியிட்ட நிலையிலேயே அந்த உயரம் என்றால் எழுந்தால் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். ஃபாரோ யார் முன்னும் மண்டியிட மாட்டார், கடவுள் முன் மட்டும்தான். அதனால் இந்தச் சிலையைப் பார்க்கிறபோது எதிரே கடவுள் வந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அருங்காட்சியகத்தில் எதிரே நிற்பது நாம்தான், அதற்கென்ன செய்வது.

ஸ்ஃபிங்ஸ் இன்னும் பிரம்மாண்டம். மூன்றரை மீட்டர் நீளத்துக்குக் கிட்டே, ஏழு டன்னுக்கு மேல் எடை. அந்தக் கோயிலில் இப்படிக் கருங்கல் ஸ்ஃபிங்ஸ்கள் குறைந்தது ஆறு இருந்தன. சிங்கத்தின் தோள் தசையைச் செதுக்கியவன் உண்மையில் மிருகத்தைக் கவனித்தவன். முகம் மட்டும் இலட்சிய முகம், தாடியும் ஒட்டியிருக்கிறது. நீலமும் மஞ்சளும் பூசிய சுவடு இன்னும் அங்கங்கே தெரியும். எகிப்துச் சிலை என்றால் வெறும் கல்நிறம் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது வெள்ளைச் சிலை. பளிங்கு மாதிரி இறுகிய சுண்ணாம்புக் கல்லில், ஆளுயரத்துக்கு அரியணையில் அமர்ந்திருக்கிறார். ஃபாரோ அணியும் தலைத்துணியும் இடுப்பாடையும் உண்டு, தாடி இல்லை. உடல்வாகு பெண்ணுடையது என்பதை மறைக்கவே இல்லை. அரியணையில் வெட்டிய எழுத்தும் ‘ரா கடவுளின் உடலில் பிறந்த மகள்’ என்றுதான் சொல்கிறது. பெரிய சிலைகள் திருவிழா வழியில் நிற்பவை, அங்கே ஃபாரோ என்றால் ஆண் உருவம்தான் என்ற பழைய வாய்ப்பாடு தேவைப்பட்டது. ஆணாக வேஷம் போட்டு நாட்டை ஏமாற்றினார் என்று சில காணொளிகள் சொல்வதை நம்பாதீர்கள். ஏமாற்ற நினைத்தவர் தன்னை மகள் என்று கல்லில் வெட்ட மாட்டார்.

சரி, உடைப்புக்கு வருவோம்.

1840-களில் லெப்சியஸ் தலைமையில் வந்த பிரஷ்யக் குழு சில துண்டுகளைக் கண்டு பெர்லினுக்குக் கொண்டுபோனது. 1890-களில் நாவில் என்ற சுவிஸ் அறிஞர் கோயிலைத் தோண்டிச் சுத்தம் செய்தார். அப்போது சுவர்ச் சிற்பங்களைப் பார்த்து வரைந்தவர்களில் ஓர் இளைஞர் ஹோவர்ட் கார்ட்டர், பின்னாளில் துத்தன்காமனின் கல்லறையைக் கண்டவர். ஆனால் சிலைகளின் பெரும்புதையல் கிடைத்தது 1920-களில். மெட்டின் அகழாய்வுக் குழு ஹெர்பர்ட் வின்லாக் தலைமையில் கோயிலுக்கு முன்னால் தோண்டியபோது, பழைய பள்ளங்களில் ஆயிரக்கணக்கான துண்டுகள். ஒரு சிலையின் தலை ஓரிடம், கால் வேறிடம். சில துண்டு கையில் அடங்கும், சிலவற்றைத் தூக்க ஆள்படை வேண்டும். அந்தப் பள்ளங்களில் ஒன்றுக்கு ‘ஹட்செப்சுட் பள்ளம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

இத்தனை துண்டுகளைப் பார்த்த அந்தக் கால அறிஞர்கள் கதையைத் தங்களுக்குப் பழகிய சட்டத்தில் மாட்டினார்கள். சித்தி கொடுமை, பையன் இருபது ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், கிழவி கண்ணை மூடியதும் ஆத்திரம் பொங்கி சுத்தியலை எடுத்துவிட்டான். சில சிலைகளில் ஃபாரோவின் சின்னமான நெற்றி நாகமும் கண்களும் கொத்தி எடுக்கப்பட்டிருந்தது கதைக்கு வாகாக அமைந்தது. இன்றைக்கும் இணையத்தில் பாதிப் பேர் சொல்வது இதைத்தான்.

முதல் இடி 1966-இல் விழுந்தது. சார்ல்ஸ் நிம்ஸ் என்ற அமெரிக்க எகிப்தியலாளர் கர்னாக்கின் கட்டடங்களில் எது முதலில் கட்டியது, எது அதன்மேல் கட்டியது என்று அடுக்கடுக்காகப் பார்த்தார். ஹட்செப்சுட்டின் பெயர் அழிப்பு அவர் இறந்த உடனே நடந்ததல்ல, துத்மோஸின் 42-ஆம் ஆட்சியாண்டு வாக்கில்தான் தொடங்கியது என்று காட்டினார். அதாவது அத்தை செத்து ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து! அதற்கு முன்பே, ஹட்செப்சுட் கர்னாக்கில் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட செம்மண்டபத்தில் துத்மோஸ் தன் பெயரையும் சேர்த்து வேலையை முடித்திருக்கிறார். பிறகுதான் மனம் மாறி அதைப் பிரித்துப் போட்டிருக்கிறார். ஆத்திரத்துக்கு இருபது ஆண்டு ஆறப்போடும் பொறுமை கிடையாது. அது திட்டம் போட்டுச் செய்த அரசியல். வயதான காலத்தில், தன் மகன் இரண்டாம் அமென்ஹோடெப் பட்டத்துக்கு வருவதில் சிக்கல் வரக்கூடாது, தந்தை மகன் என்று நேர்கோட்டில் வரிசை இருக்க வேண்டும், நடுவில் ஒரு பெண் ஃபாரோ இருந்ததே தெரியக்கூடாது. பெரும்பாலான அறிஞர்கள் இப்போது இந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள். இன்னொரு சான்றும் இதற்கு ஒத்துப்போகிறது: ஹட்செப்சுட் ஃபாரோ ஆவதற்கு முன்னால், வெறும் அரசியாக இருந்தபோது செதுக்கிய உருவங்களை யாரும் தொடவில்லை. ஆள்மேல் வெறுப்பென்றால் அதையும் விட்டிருக்க மாட்டார்கள். அவர் வகித்த பதவிதான் உறுத்தல்.

ஆனால் இது சுவரில் இருந்த பெயருக்கான விளக்கம். சிலைகளுக்கு?

இங்கேதான் 2025-இல் ஒரு நல்ல திருப்பம். டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜுன் யி வாங் என்ற ஆய்வாளர், வின்லாக் குழுவின் 1922 முதல் 1928 வரையிலான களக்குறிப்புகளையும் புகைப்படங்களையும் கடிதங்களையும் எடுத்து உட்கார்ந்தார். எந்தத் துண்டு எங்கே கிடந்தது, எப்படி உடைந்திருந்தது என்று திரும்ப ஒரு கணக்கு. அவர் கண்டது: நிறையச் சிலைகளின் முகம் ஏறக்குறையச் சேதமில்லாமல் இருக்கிறது. உடைப்பு திரும்பத் திரும்ப விழுந்திருப்பது கழுத்து, இடுப்பு, முழங்கால் ஆகிய மூன்று இடத்தில். வேறு ஃபாரோக்களின் சிலைகளிலும் இதே மாதிரி உடைப்பு உண்டு என்கிறார் அவர். 1903-இல் கர்னாக் கோயில் முற்றத்தில் ஜார்ஜ் லெக்ரான் கண்டெடுத்த புதைகுழியில் எழுநூறுக்கும் மேற்பட்ட கற்சிலைகள் இருந்தன. அங்கே புதைந்த அரசர்கள் எல்லாரையும் யாரோ வெறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. பழைய சிலைகளை வழிபாட்டிலிருந்து விலக்கும்போது செய்கிற சடங்கு அது.

எகிப்தியருக்குச் சிலை வெறும் உருவமில்லை. வாய் திறப்புச் சடங்கு செய்தபின் அது மூச்சு விடும், படையலை வாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்டதை அப்படியே தூக்கிக் குழியில் போட முடியாது. முதலில் சக்தியை இறக்க வேண்டும்.

நான் இதை ஒருவருக்கு விளக்க மூச்சுப் பிடித்துத் தயாராகி, விளக்கமே தேவைப்படாமல் போன கதை உண்டு. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் பெரியம்மாவை அந்த மண்டியிட்ட சிலைக்கு முன்னால் நிறுத்தினேன். ஒட்டுப் போட்ட கோடுகளைப் பார்த்துவிட்டு, “ஏண்டா தம்பி, இது பின்னமானது இல்லையா? எடுத்துப் போட்டதைத் திரும்பவும் நிக்க வச்சிருக்காங்களே” என்றார். நான் உடைத்த காரணத்தைச் சொன்னேன். “பாலாலயம் பண்றப்ப கும்பத்துல சக்திய எறக்குவோமே, அந்த மாதிரியா? ஆனா நாம ஒடைக்க மாட்டோம்” என்றார். ஒற்றுமையும் வேற்றுமையும் அதற்குள் வந்துவிட்டது. நம் வழக்கத்தில் சக்தி கும்பத்துக்குப் போய்த் திரும்பி வரும். அங்கே போனது போனதுதான், கழுத்தை உடைத்தால் கதை முடிந்தது.

இப்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். எகிப்தில் ஒருவரை உண்மையிலேயே தீர்த்துக்கட்ட வேண்டும் என்று உளியை எடுத்தால், அது போகிற இடம் மூக்கும் முகமும் பெயரும். மூக்கு போனால் சிலை மூச்சு விட முடியாது, பெயர் போனால் படையல் யாருக்கு என்று தெரியாது. முகத்தை விட்டுவிட்டு முழங்காலை உடைப்பவனுக்கு ஆத்திரம் இருந்திருக்கலாம், ஆனால் அவன் கையில் இருந்தது ஒரு செயல்முறை. நாகமும் கண்ணும் கொத்தப்பட்ட சிலைகளை வைத்துப் பழைய கதையை முழுக்கத் தூக்கி நிறுத்த முடியாது. உடைந்த துண்டுகள் பின்னாளில் கட்டுமானக் கல்லாகவும் எடுக்கப்பட்டன, இன்று நாம் காணும் சேதத்தில் ஒரு பங்கு அந்தக் கணக்கில் போகிறது என்பதும் வாங்கின் வாதம். துத்மோஸ் காலத்து உடைப்பையும் பிற்காலத்து உடைப்பையும் ஒன்றாகக் குவித்துப் பார்த்ததால்தான் அது வெறியாட்டமாகத் தெரிந்தது என்கிறார்.

அதற்காக “அப்போ துத்மோஸ் நல்லவர்” என்று இன்னொரு ஓரத்துக்கு ஓட வேண்டாம். வாங்கே அப்படிச் சொல்லவில்லை. மற்ற ஃபாரோக்களின் சிலைகளுக்குச் சடங்கு மட்டும்தான் நடந்தது. ஹட்செப்சுட்டுக்குச் சடங்கோடு, சுவர் சுவராகப் பெயரையும் உருவத்தையும் செதுக்கி எடுக்கும் வேலையும் நடந்தது. அது மறைக்கத்தான். கர்னாக்கில் அவர் நட்ட ஒற்றைக்கல் தூபிகளில் ஒன்று இன்னும் நிற்கிறது, முப்பது மீட்டருக்குக் கிட்டே உயரம். துத்மோஸ் அதன் அடிப்பாகத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினார். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து முதலாம் சேத்தி என்ற ஃபாரோ அபிடோஸ் கோயிலில் வெட்டிய அரசர் வரிசையில் ஹட்செப்சுட்டின் பெயரே இல்லை. திட்டம் வெகுகாலம் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1829-இல் ஷம்போலியன் தெயிர் எல்-பஹாரிக்கு வந்தபோது, ஆண் உருவத்துக்குப் பக்கத்தில் பெண்பால் எழுத்துகளைப் பார்த்துத் திகைத்துப் போனார். எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரை உடைத்துப் படித்தவருக்கே இவர் யார் என்று தெரியவில்லை.

ஒரு கிளைக்கதை. அந்தக் கோயிலுக்குப் போனால், அங்கே காணும் உளிக்காயம் எல்லாவற்றையும் துத்மோஸ் தலையில் கட்டாதீர்கள். நூறாண்டு கழித்து வந்த அகெனாதென், அமுன் கடவுளையே ஒழிக்கக் கிளம்பினார். அவருடைய ஆட்கள் அதே சுவர்களில் அமுனைத் தேடித் தேடிக் கொத்தினார்கள். பிறகு இரண்டாம் ராமேசஸ் காலத்தில் அமுனைத் திரும்ப வரைந்தார்கள், கொஞ்சம் அவசர வேலையாக. பிற்காலத்தில் கிறிஸ்தவத் துறவிகள் மேல்தளத்தில் மடம் கட்டிக் குடியிருந்தார்கள். ஒரே சுவரில் எத்தனை பேருடைய கணக்கு!

ஆக என் தீர்ப்பு இது. உடைத்தது, அழித்தது என்ற இரண்டும் வேறு வேறு செயல்கள், வேறு வேறு நோக்கங்கள். பெயரை அழித்தது அரசியல். சிலையை உடைத்தது பெரும்பாலும் அந்த அரசியல் முடிவுக்குப் பின்னால் கோயில்காரர்கள் முறைப்படி செய்த விலக்கல். இரண்டையும் பிசைந்து ஒரே கோபக் கதையாக்கியது இருபதாம் நூற்றாண்டு. ராணி ஒருத்தி ஆண்டால் அதன் முடிவு குடும்பச் சண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த எழுத்துகளில் எத்தனை ஆழம் என்பதை நான் தனியாக எழுதினால் பதில் இன்னும் நீண்டுவிடும்.

இனி ஒட்டிய கதை. அந்தக் காலத்தில் எகிப்தில் பங்கீட்டு முறை இருந்தது. வெளிநாட்டுக் குழு தோண்டியெடுத்ததில் எகிப்து அரசின் தொல்பொருள் துறை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும், மீதியைக் குழு கொண்டுபோகலாம். அப்படித்தான் ஹட்செப்சுட்டின் தலைகள் கெய்ரோவிலும் இருக்கின்றன, நியூயார்க்கிலும் இருக்கின்றன. 1922-இல் துத்தன்காமன் கல்லறை கிடைத்த பிறகு அந்த முறை இறுகிப்போனது. அன்றைய சட்டப்படி சரிதான், அந்தச் சட்டத்தை யார் கையில் நாடு இருந்தபோது எழுதினார்கள் என்பது வேறு கேள்வி. அதிலும் இந்தச் சிலைகள் ஒரு குறிப்பிட்ட ஊர்வல வழிக்காகச் செய்தவை. வழியிலிருந்து பிரிந்தால் பாதி அர்த்தம் போய்விடும் என்பது என் எண்ணம்.

துண்டுகளைப் பொருத்துவது கல்லின் மணி, நிறம், உடைந்த முகத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றைப் பார்த்துச் செய்கிற வேலை. கருங்கல்லில் இது ஒருவகையில் சுலபம், உடைந்த முகம் கூர்மையாக இருக்கும், ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். கஷ்டம் எடையில்தான். அதைவிடப் பெரிய தலைவலி, துண்டுகள் ஒரே நாட்டில் இல்லாதது. லெப்சியஸ் பெர்லினுக்கு எடுத்துப்போனவற்றுக்கு உரிய மீதி எண்பது ஆண்டு கழித்து வின்லாக்கின் பள்ளங்களில் கிடைத்தது. இரண்டு அருங்காட்சியகங்களும் பேசி, துண்டுகளை மாற்றிக்கொண்டு, தலையும் உடலும் சேர்ந்தன. கிடைக்காத இடங்களை நிரப்பியிருக்கிறார்கள். இரண்டடி தள்ளி நின்றால் முழுச் சிலை, கிட்டே போனால் நிறம் மாறும் எல்லைகள் தெரியும். அறையில் இன்னொரு அமர்ந்த சிலை உண்டு, கறுப்புக் கல். அதன் மார்புப் பகுதி இன்றும் நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். 1998 முதல் கடனாக இங்கே பொருந்தி நிற்கிறது, பெயர்ப்பலகையில் அதைக் குறித்திருக்கிறார்கள். ஒரு சிலைக்கு இரண்டு சொந்தக்காரர்கள்.

போக நினைப்பவர்களுக்கு: புதன்கிழமை மெட் மூடியிருக்கும். வெள்ளி, சனி இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், அந்த நேரத்தில் எகிப்துப் பகுதியில் கூட்டம் குறைவு. நியூயார்க் மாநிலத்தில் குடியிருப்பவர்கள் விருப்பப்பட்ட தொகை கொடுத்தால் போதும், என்னைப் போல நதிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் முழு டிக்கெட்தான். உள்ளே போனதும் டெண்டூர் கோயில் இருக்கும் கண்ணாடிக் கூடத்துக்கு நேராக ஓடாமல் 115-ஐக் கேட்டுப் போங்கள். மண்டியிட்ட சிலையை முன்னாலிருந்து பார்த்தபின் பக்கவாட்டில் சுற்றி வந்து, ஒட்டுகள் எங்கெங்கே ஓடுகின்றன என்று கழுத்திலிருந்து கீழே வரிசையாகப் பாருங்கள்.